நோம் – கோட்ஸிபியூ: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாஸ்காவின் மேற்குக் கரையில், நார்ட்டன் சவுண்ட் கடலோரத்தில் இருக்கிறது நோம். அதற்கு வடகிழக்கே, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியதும் வருவது கோட்ஸிபியூ. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நோமில் 3,699 பேர், கோட்ஸிபியூவில் 3,102 பேர். நம் பக்கத்தில் இதைப் பெரிய கிராமம் என்போம். ஆனாலும் இரண்டு ஊரிலும் ஜெட் இறங்கும் விமான நிலையம் உண்டு. அலாஸ்கா போகத் திட்டமிடுபவர்களும், கணினியில் சிமுலேட்டர் ஓட்டுபவர்களும், வரைபடத்தைப் பார்த்துக் குழம்பியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைக் கேட்ட மாதிரியே கீழே வைத்திருக்கிறோம்.

1. ஒரே வரியில சொல்லுங்க, ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?

நேர்க்கோட்டில் 294 கிலோமீட்டர். சென்னை – திருச்சி விமான நிலையங்களுக்கு இடையே உள்ள வான்வழித் தூரமும் ஏறக்குறைய இதேதான். ஒற்றுமை அந்த எண்ணோடு முடிந்துவிடுகிறது; ஏன் என்பது 4-ஆம் கேள்வியில்.

2. ஒரு இடத்துல 159னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 183, நீங்க 294ங்கறீங்க. எதைத்தான் நம்பறது?

மூன்றும் சரி. 159 கடல் மைல், 183 சாதாரண மைல், 294 கிலோமீட்டர்: ஒரே தூரத்துக்கு மூன்று அளவு. கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609 கி.மீ. விமானி, வானிலை அறிக்கை, விமானக் கையேடு எல்லாம் கடல் மைலில் பேசும். அமெரிக்கப் பயண இணையதளங்கள் சாதாரண மைலில் பேசும்.

வினை வருவது கலக்கும்போதுதான். விமானத்தின் வேகம் 'நாட்' கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று கொடுக்கப்பட்டிருக்கும். 183-ஐ எடுத்து நாட் வேகத்தால் வகுத்தால் விடை 15 சதவீதம் கூடுதலாக வரும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஒன்பது நிமிடம் பிசகும்.

3. சரி, பறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எந்த விமானம் என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. காற்றே இல்லாத நாள் என்று வைத்துக்கொண்டால், செஸ்னா கேரவன் என்ற ஒற்றை இன்ஜின் விமானம் 160 நாட் வேகத்தில் போகும். 159-ஐ 160-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 60 நிமிடம். ஏறவும் இறங்கவும் பிடிக்கும் ஐந்து முதல் பத்து நிமிடத்தைச் சேர்த்தால் ஒரு மணி பத்து நிமிடம் வரை. இரட்டை இன்ஜின் பீச்கிராஃப்ட் 1900 சுமார் 270 நாட் வேகம் பிடிப்பதால் 40 முதல் 45 நிமிடத்தில் முடித்துவிடும்.

போயிங் 737 விஷயத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். 430 நாட் என்று வைத்து வகுத்தால் 22 நிமிடம் வரும். நிஜத்தில் காற்றில் இருப்பதே அரை மணி நேரத்துக்கு மேல். இறங்கும்போது ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்பது விமானிகளின் கைக்கணக்கு. 25,000 அடியிலிருந்து இறங்க 75 கடல் மைல் வேண்டும். ஏறவும் கிட்டத்தட்ட அவ்வளவே. மொத்தம் 159-இல் சமமாகப் பறக்க என்ன மிஞ்சுகிறது? ஏறி முடித்த கையோடு இறங்க ஆரம்பிக்க வேண்டியதுதான். அந்த 430 நாட்டை அது எட்டிப் பிடிப்பது சில நிமிடங்களுக்கு மட்டுமே.

4. 294 கிலோமீட்டர்தானே, கார் எடுத்துட்டுப் போக முடியாதா?

முடியாது. சாலை இல்லை. நோமிலிருந்து மூன்று சரளைச் சாலைகள் கிளம்புகின்றன: கவுன்சில், டெல்லர், கூகரக் பக்கம். ஒவ்வொன்றும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, அங்கேயே முடிந்துவிடும். அவை மாநிலத்தின் வேறெந்தச் சாலையோடும் சேராது. கோட்ஸிபியூவில் ஊருக்குள் சாலை உண்டு, ஊரை விட்டு வெளியே போகும் நெடுஞ்சாலை கிடையாது.

குளிர்காலத்தில் உள்ளூர்க்காரர்கள் பனிவண்டியில் ஊர் விட்டு ஊர் போகிறார்கள். கடல் உருகிக் கிடக்கும் கோடை மாதங்களில் சரக்குப் படகு வரும். வழி தெரியாத பயணிக்கு இவை இரண்டும் ஆகாது. அதனால் இந்த இரண்டு ஊருக்கும் விமானம்தான் பஸ், தபால் வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம்.

5. இந்தத் தூரத்தை நானே கணக்குப் போட்டுப் பார்க்கணும். எப்படி?

கால்குலேட்டர் ஒன்று போதும். முதலில் இரண்டு நிலையங்களின் ஆயத்தொலைவு. நோம்: வடக்கு 64.512°, மேற்கு 165.445°. கோட்ஸிபியூ: வடக்கு 66.885°, மேற்கு 162.598°. அட்சரேகையில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல். கடல் மைல் என்ற அளவே அப்படிப் பிறந்ததுதான். அட்சரேகை வித்தியாசம் 2.373°. அதை 60-ஆல் பெருக்கினால் வடக்கே 142.4 கடல் மைல்.

தீர்க்கரேகை வித்தியாசம் 2.847°. இதையும் 60-ஆல் பெருக்கினால் 170.8. ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. துருவத்தை நெருங்க நெருங்க தீர்க்கரேகைகள் குடைக்கம்பிகளைப் போல ஒன்றையொன்று நெருங்கும். இரண்டு ஊரின் அட்சரேகைக்கும் நடுமதிப்பு 65.7°, அதன் கொசைன் 0.4115. 170.8-ஐ அதனால் பெருக்கினால் கிழக்கே 70.3 கடல் மைல். இனி பள்ளிக்கூடத்துப் பித்தாகரஸ்: 142.4-இன் வர்க்கத்தையும் 70.3-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 158.8. அதுதான் நாம் சொன்ன 159.

கொசைனை மறந்தால் 222 கடல் மைல், அதாவது 412 கி.மீ. என்று வரும். "என் கணக்கு 400-க்கு மேல வருதே" என்று எழுதுபவர்களில் பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். சென்னையில் உட்கார்ந்து திருச்சிக்குக் கணக்குப் போடும்போது கொசைனை விட்டாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அங்கே அது 0.98. வடக்கே போனால் காட்டிக்கொடுத்துவிடும். சில நூறு கிலோமீட்டர் வரை இந்த முறை தாராளமாகப் போதும். அதைவிடத் தூரமென்றால் பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் ஹாவர்சைன் வாய்பாடு வேண்டும்.

6. போன்ல மேப்பைத் திறந்து பார்த்தா ரெண்டு ஊரும் ரொம்பத் தள்ளித் தெரியுதே?

வரைபடத்தின் வேலை அது. பெரும்பாலான இணைய வரைபடங்கள் மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டவை. 5-ஆம் பதிலில் குடைக்கம்பிகள் நெருங்குகின்றன என்றோம். மெர்கேட்டர் அவற்றை நெருங்கவிடாமல் கம்பிவேலிபோல இணையாக நிறுத்திவைக்கிறது. அதற்கு ஈடாக வடக்கு–தெற்கையும் இழுத்துவிடுகிறது. 65.7° அட்சரேகையில் எல்லாமே 2.4 மடங்கு பெரிதாகத் தெரியும். உலக வரைபடத்தில் விரலால் அளந்து பார்த்தால் நோம் – கோட்ஸிபியூ ஏறக்குறைய 700 கி.மீ. மாதிரி தோன்றும். செயலியின் ஓரத்தில் இருக்கும் அளவுகோலை, அந்த இடத்துக்குப் பெரிதாக்கிய பிறகு பாருங்கள். அது சரியாக இருக்கும்.

7. டிக்கெட்ல போட்டிருக்கிற நேரமும் நீங்க சொல்ற நேரமும் ஒத்துப்போகலையே?

டிக்கெட்டில் இருப்பது 'பிளாக் டைம்'. சக்கரத்துக்கு அணை கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்வரை. அதில் ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, காத்திருப்பது, இறக்கைப் பனியைக் கரைக்கத் திரவம் அடிப்பது எல்லாம் சேரும். 3-ஆம் பதிலில் இருப்பது காற்றில் இருக்கும் நேரம் மட்டும்.

நோமும் கோட்ஸிபியூவும் நெரிசல் இல்லாத நிலையங்கள். ஊர்ந்து போக இரண்டு மூன்று நிமிடம் போதும். 737-க்கு பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள், கேரவனுக்கு ஐந்து. பனி கரைக்க வேண்டிய நாளில் இந்தக் கணக்கு செல்லாது.

8. காத்து அடிச்சா நேரம் எவ்வளவு மாறும்? போகும்போது லேட், வரும்போது சீக்கிரம், கடைசியில சரியாயிடும்தானே?

சரியாகாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். கேரவன் 160 நாட். எதிர்க்காற்று 30 நாட் என்றால் தரைவேகம் 130, பயணம் 73 நிமிடம். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும்: தரைவேகம் 190, 50 நிமிடம். இரண்டும் சேர்ந்து 123-க்கு மேல். காற்றே இல்லாவிட்டால் 119. எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்றைக் கொஞ்ச நேரமே அனுபவிக்கிறோம். அதனால் போய்வர எப்போதும் நஷ்டம்தான். விமானம் மெதுவானதாக இருந்தால் நஷ்டம் இன்னும் பெரிது.

பக்கக்காற்றும் சும்மா விடாது. 40 நாட் காற்று நேர் பக்கவாட்டில் அடித்தால், பாதை விலகாமலிருக்க மூக்கை 14, 15 பாகை காற்றுப் பக்கம் திருப்பிப் பறக்க வேண்டும். தரைவேகம் 155 ஆகக் குறையும். இரண்டு நிமிடம் கூடும்.

நோமிலிருந்து கோட்ஸிபியூவுக்குப் பாதை மெய்வடக்கிலிருந்து (வட துருவம் இருக்கும் திசை) சுமார் 25 பாகை கிழக்கே. காற்று 60 பாகையிலிருந்து 30 நாட் வந்தால் இடைக்கோணம் 35. எதிர்க்காற்றாக நிற்பது 25 நாட் மட்டும். 3,000, 6,000, 9,000 அடி உயரங்களுக்கு வெளியாகும் காற்றுக் கணிப்பை எடுத்து இப்படிக் கழித்துக்கொள்ளலாம். சிமுலேட்டர்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எழுத்தில் வரும் காற்றுத் திசை மெய்வடக்கை வைத்தது. வானொலியில் நிலையம் சொல்லும் திசையும் ஓடுதள எண்ணும் காந்தவடக்கை, அதாவது திசைகாட்டி முள் காட்டும் வடக்கை வைத்தவை. அலாஸ்காவில் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது.

9. விமானம் நேர்க்கோட்டுலதான் போகுமா?

ஏறக்குறைய. நோமுக்கு நேர் வடக்கே கிக்லுவாய்க் மலைத்தொடர் இருக்கிறது. அதில் உயர்ந்தது ஆஸ்பார்ன் சிகரம், 4,714 அடி. நேர்க்கோடு அந்தச் சிகரத்துக்குக் கிழக்கே இருபது கிலோமீட்டர் போல விலகிப் போகிறது. பிறகு சீவர்ட் தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டி, கடைசியாகக் கோட்ஸிபியூ சவுண்ட் கடலைத் தாண்டுகிறது. மேகத்துக்குள் கருவி பார்த்துப் பறப்பவர் மலைக்கு மேலே போதிய உயரம் எடுத்து, வகுத்த வழியில் இறங்குவார். அதில் பத்து, பதினைந்து கடல் மைல் கூடும். கண்ணால் பார்த்துப் பறப்பவர் மேகம் தாழ்ந்திருந்தால் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றுவார்.

ஒற்றை இன்ஜின் விமானி கடல் பகுதியை இன்னொரு விதமாகவும் பார்ப்பார்: இன்ஜின் நின்றால் கரைக்குச் சறுக்கிப் போக முடியுமா? உயரமாகப் பறந்தால் சறுக்கும் தூரம் கூடும். ஆனால் உயரத்தில் எதிர்க்காற்று பலமாக இருக்கலாம், பனிப்படிவு மேகமும் இருக்கலாம். இந்த இழுபறியால்தான் ஒரே பாதை ஒரு நாள் 65 நிமிடம், மறுநாள் 80 நிமிடம்.

10. செக்-இன்ல என் எடையைக் கேக்கறாங்க. இதுக்கும் பயண நேரத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் எரிபொருளில் இருக்கிறது. கிராண்ட் கேரவனின் வழக்கமான அதிகபட்ச எடை 8,750 பவுண்டு, அதாவது சுமார் 3,970 கிலோ. உதாரணத்துக்கு வெற்று விமானம் 2,270 கிலோ, விமானி தன் பையோடு 90 கிலோ என்று வையுங்கள். மிச்சம் 1,610. அதில்தான் எரிபொருள், ஒன்பது பயணிகள், பைகள், தபால் எல்லாம் அடங்க வேண்டும். கனத்த பனிக்கோட்டும் பூட்ஸும் போட்ட ஆள் நூறு கிலோவைச் சாதாரணமாகத் தொடுவார். இத்தனை சின்ன விமானத்தில் சராசரி எடையை நம்பிக் கணக்குப் போட முடியாது.

மொத்த எடை மட்டுமல்ல, அது எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். பின்பக்கம் கனத்தால் மூக்கு தூக்கும். அதனால் "நீங்க முன்னாடி வாங்க" என்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். எடையைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.

11. டேங்க்கை ஃபுல் பண்ணிட்டுக் கிளம்பினா கவலையே இல்லையே?

கேரவன் மணிக்கு சுமார் 50 அமெரிக்க கேலன் குடிக்கும். 190 லிட்டர், 150 கிலோ. வானம் தெளிந்த பகலில் கண்ணால் பார்த்துப் பறக்கும்போது அமெரிக்க விதிப்படி போய்ச்சேர வேண்டியதோடு 30 நிமிடத்துக்குக் கையிருப்பு இருந்தால் போதும். 60-உம் 30-உம் சேர்ந்து 90 நிமிடம், 230 கிலோ. இரவென்றால் கையிருப்பு 45 நிமிடம்.

கருவி பார்த்துப் பறக்கும் நாளில், கோட்ஸிபியூ வானிலையும் சந்தேகம் என்றால், அங்கே போய், இறங்க முடியாமல் மாற்று நிலையத்துக்குப் போய், அதற்கு மேலும் 45 நிமிடம் பறக்க எரிபொருள் வேண்டும். மாற்று நிலையம் நோமேதான் என்று வையுங்கள்: 60, 60, 45, மொத்தம் 165 நிமிடம், 415 கிலோ. முந்தையதைவிட 185 கிலோ அதிகம். 10-ஆம் பதிலின் கணக்கில் தலா நூறு கிலோவாக ஒன்பது பேரை ஏற்றிய பிறகு பைக்கும் தபாலுக்கும் மிஞ்சுவது 480 கிலோவிலிருந்து 295 கிலோவாக இறங்கிவிடும். உங்கள் பை "அடுத்த விமானத்தில் வரும்" என்று சொல்லப்படுவதன் பின்னணி பல நாட்களில் இதுதான். டேங்க்கை நிரப்பினால் ஆளையே இறக்க வேண்டியிருக்கும்.

12. ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஏன் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வைக்கறாங்க?

இரண்டு ஊரும் கடலோரம். கோடையில் கடல்மூடுபனி, குளிர்காலத்தில் காற்று வாரியடிக்கும் தரைப்பனி. வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, எது எது என்று தெரியாமல் போகும் நேரமும் உண்டு. மூடுபனிக்குக் காற்று மாறினால் விடிவு. பலமான பக்கக்காற்று வேறு பிரச்சினை: கேரவனைப் பக்கக்காற்றில் 20 நாட் வரை இறக்கிக் காட்டித்தான் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். நோமில் திசைக்கொன்றாக இரண்டு நீளமான தார் ஓடுதளங்கள் இருக்கின்றன. கோட்ஸிபியூவில் நீளமானது கிழக்கு–மேற்கு ஒன்று மட்டும். வடக்கு–தெற்காக இருப்பது குட்டையான சரளை ஓடுதளம், ஜெட்டுக்கு உதவாது.

எல்லாவற்றையும்விட மோசமானது இறக்கையில் படியும் பனிக்கட்டி. எடை கூடும், தூக்குவிசை குறையும், வேகம் விழும். பனி நீக்கும் கருவி இருந்தாலும் சிறிய விமானத்துக்கு எல்லை உண்டு. 2025 பிப்ரவரி 6 அன்று உனலக்லீட்டிலிருந்து நோமுக்கு வந்த கேரவன் ஒன்று நார்ட்டன் சவுண்ட் கடற்பனியில் விழுந்து, அதிலிருந்த பத்துப் பேரும் இறந்தார்கள். காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.

கிளம்புவார்களா என்று முன்கூட்டி அறிய ஒரு வழி: அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை அலாஸ்கா முழுக்க வானிலைக் கேமராக்கள் வைத்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப் படம் வரும். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் தெளிந்த நாளில் எடுத்த படத்தையும் வைத்திருப்பார்கள். அதில் தெரியும் மலை இன்றைய படத்தில் தெரியவில்லையென்றால் டீ போட்டுக்கொள்ளலாம்.

13. குளிர்காலத்துல முழுக்க இருட்டா இருக்குமாமே, அப்போ விமானம் ஓடாதா?

ஓடும். ஓடுதள விளக்கும் இறங்கு கருவிகளும் உண்டு. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நோமில் சூரியன் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும், கோட்ஸிபியூவில் இரண்டு மணி நேரம்கூடத் தேறாது. அதனால் 11-ஆம் பதிலில் சொன்ன இரவுக் கையிருப்பு அந்த மாதங்களில் நாளின் பெரும்பகுதிக்குப் பொருந்தும். ஜூனில் நேர்மாறு: கோட்ஸிபியூவில் ஒரு மாதத்துக்கு மேல் சூரியன் மறைவதே இல்லை.

14. அன்னிக்கு நேரடி விமானம் இல்லைன்னா?

ஆங்கரேஜ் வழியாகச் சுற்ற வேண்டும். நோம் – ஆங்கரேஜ் 539 மைல், ஆங்கரேஜ் – கோட்ஸிபியூ 549 மைல். மொத்தம் 1,088 மைல், 1,750 கி.மீ. நேர்க்கோட்டுத் தூரத்தைப்போல ஆறு மடங்கு. காற்றில் மட்டும் மூன்று மணி நேரம், நடுவில் காத்திருப்பு தனி.

ஆங்கரேஜிலிருந்து வரும் ஜெட் சில காலங்களில் மூன்று ஊரையும் முக்கோணமாகச் சுற்றும். அப்போது திசையைக் கவனியுங்கள். அது முதலில் கோட்ஸிபியூவில் இறங்குமென்றால், அங்கிருந்து நோமுக்கு அரை மணி நேரத்தில் வந்துவிடலாம், எதிர்த்திசையில் அதே விமானம் உதவாது. முக்கோணத்தில் ஒரு ஊர் மூடுபனியில் இருந்தால் அதைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்விடுவதும் உண்டு. முழு விமானத்தையும் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் திரும்பிப் போகும் காலி விமானத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள், 8-ஆம் பதிலின் எதிர்க்காற்று நிமிடங்கள் உட்பட.

15. காலையில போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாமா?

கடிகாரக் கணக்கில் முடியும், திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது. மறுநாள் ஆங்கரேஜிலிருந்து சியாட்டிலுக்கோ இந்தியாவுக்கோ டிக்கெட் இருந்தால் நடுவில் ஒரு நாளாவது காலியாக விடுங்கள்; குளிர்காலத்தில் இரண்டு நாள். மருந்து, சார்ஜர், மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும். பெரிய பை எங்கே போகும் என்பதை 11-ஆம் பதிலில் பார்த்தோம்.

16. நோம்ல மத்தியானம் மூணு மணிக்குத்தான் சூரியன் உச்சிக்கு வருதுன்னு சொல்றாங்க. ரெண்டு ஊருக்கும் டைம் வித்தியாசம் இருக்கா?

இரண்டு ஊருக்கும் ஒரே நேரம், வித்தியாசம் இல்லை. கோடையில் நோமில் சூரியன் மூன்று மணிவாக்கில் உச்சிக்கு வருவது உண்மைதான். 1983 வரை அலாஸ்காவில் நான்கு நேர மண்டலங்கள் இருந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் ஏறக்குறைய முழு மாநிலத்தையும் ஒரே மண்டலத்துக்குள் கொண்டுவந்தார்கள். மேற்குக் கோடியில் இருக்கும் நோமின் கடிகாரம் சூரியனைவிட இரண்டு மணி நேரம் முந்திப் போனது. கோடையில் இன்னொரு மணி கூடும்.

17. நோமுக்கு மேற்கே ரஷ்யா பக்கத்துலதானே? அங்கே கணக்குப் போட்டா தூரம் பத்தாயிரக்கணக்குல வருது!

தேதிக்கோடு உங்களைக் கவிழ்த்திருக்கிறது. ரஷ்யாவின் அனாதிர் நிலையம் கிழக்கு 177.74°. நோம் மேற்கு 165.45°, அதாவது கழித்தல் 165.45. இரண்டையும் கழித்தால் வித்தியாசம் 343° என்று வரும். உலகத்தை மறுபக்கமாகச் சுற்றும் கணக்கு அது. 180-ஐத் தாண்டினால் 360-இலிருந்து கழிக்க வேண்டும்: 16.8°. தூரம் சுமார் 800 கி.மீ. வேடிக்கை என்னவென்றால் பிராவிதேனியா என்ற ரஷ்ய ஊர் தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அதன் தீர்க்கரேகை மேற்கு 173.24°. எனவே குறி மாற்றவே தேவையில்லை. நோமிலிருந்து 374 கி.மீ.

நேரக் கணக்கு இதைவிடக் குழப்பும். கோடையில் பிராவிதேனியா நோமைவிட 20 மணி நேரம் முந்தியது. திங்கள் காலை 10 மணிக்கு நோமில் கிளம்பி 80 நிமிடம் பறந்தால், போய்ச்சேர்வது செவ்வாய் காலை 7.20-க்கு. உடனே திரும்பினால் மறுபடியும் திங்கள். பனிப்போர் முடியும் தறுவாயில், 1988 ஜூனில், நோமிலிருந்து அங்கே நட்புறவு விமானம் ஒன்று போய்வந்தது.

18. இதைவிடக் குட்டிப் பயணம் இருக்கா?

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே. தூரம் 2.7 கி.மீ., அட்டவணை நேரம் 2 நிமிடம். காற்று சாதகமாக இருந்தபோது 53 வினாடியில் முடித்த சாதனையும் உண்டு. உலகிலேயே குறுகிய பயணியர் விமானச் சேவை இது. இங்கே 3-ஆம் பதிலின் வகுத்தல் வாய்பாடு எதற்கும் உதவாது. ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே பயணம்.

19. எனக்கு வேற ரெண்டு ஊர். அதுக்கு எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

ஊர்ப்பெயரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், நிலையத்தின் நான்கெழுத்துக் குறியீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரே பெயரில் நாலு ஊர் இருக்கும். ஒரே ஊரில் இரண்டு ஓடுதளம் இருக்கும். நோமிலேயே பெரிய நிலையம் தவிர ஊருக்குப் பக்கத்தில் சரளை ஓடுதளம் ஒன்று தனியாக உண்டு. சில கருவிகள் ஊரின் மையத்திலிருந்து அளக்கும், சில ஓடுதளத்திலிருந்து. தூரம் குறைவாக இருந்தால் இந்த இரண்டு மூன்று கிலோமீட்டரும் உறுத்தும்.

ஆயத்தொலைவு கிடைத்ததும் 5-ஆம் பதிலின் கணக்கு. அடுத்தது அங்கே நிஜமாக எந்த விமானம் போகிறது என்பது. ஓடுதள நீளமும், தாரா சரளையா என்பதும் பாதி பதிலைச் சொல்லிவிடும். 1,200 மீட்டர் சரளைத் தளத்துக்கு ஜெட் வேகத்தில் நேரம் கணக்கிட்டுப் பயனில்லை. பிறகு காற்று, மாற்று நிலையம் எவ்வளவு தூரத்தில், வாரத்தில் எத்தனை நாள் சேவை. நடுவில் மூன்று கிராமங்களில் இறங்கி ஏறும் விமானமென்றால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இருபது நிமிடம் கூட்டுங்கள். அன்று தபால் மூட்டை அதிகமென்றால் இன்னும் பத்து.